குறிப்பறிதல்: மூளைக் கட்டியின் அறிகுறிகளை வாசிக்கக் கற்ற வரலாறு

(நீண்ட பதிவு. பொறுமையுடன் இறுதிவரை வாசிக்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன். கடைசிப் பகுதியை மட்டுமாவது வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.)

ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் நாற்பது ஆண்டுகள் பூ விற்ற என் அத்தை, 2016 ஆம் ஆண்டின் இறுதியில் ‘முழம்’ என்ற சொல்லை இழந்தார். பூவை அளக்கும் கை மறக்கவில்லை. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை சரத்தை இழுத்துக் காட்டி, “இது... இவ்வளவு... பத்து ரூபாய்” என்றார். வாடிக்கையாளர்கள் சிரித்தனர், அவரும் சிரித்தார். சில வாரங்களில் ‘குடை’ போயிற்று. அதை “மழைக்குப் பிடிக்கிறது” என்றார். ‘சாவி’ போயிற்று, “கதவுக்குப் போடுகிறது” என்றார். அறுபதைக் கடந்தவருக்கு மறதி இயல்புதானே என்று வீட்டில் அனைவரும் அமைதி அடைந்தோம். அப்போது நான் மொழியியல் முதுகலை மாணவன். பெயர்ச்சொற்கள் நழுவி, பயன்பாட்டு விளக்கங்கள் அவற்றின் இடத்தில் வந்து நிற்பதைப் பாடநூலில் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். ஆயினும் என் வீட்டுக் கூடத்தில் அது நிகழ்ந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இப்பதிவு அந்தத் தவறிலிருந்து பிறந்தது. மண்டையோட்டைத் திறக்காமல், உள்ளே இருப்பதை வெளியே தெரியும் குறிகளைக் கொண்டு அறிவது எப்படி என்று மனிதர்கள் கற்றுக்கொண்ட வரலாற்றை இதில் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். நான் மருத்துவன் அல்லன், சொற்களின் மாணவன். ஆனால் இந்த வரலாற்றில் சொற்களுக்கும் ஓர் இடம் உண்டு.

1. தேரையும் தலைவலியும்

தமிழ் மருத்துவ மரபில் தேரையர் என்னும் சித்தரைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. தீராத தலைவலியால் வாடிய அரசன் ஒருவனின் கபாலத்தை அகத்தியர் திறந்து பார்க்கிறார். மூளையின்மேல் தேரை ஒன்று அமர்ந்திருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று குரு திகைக்கும்போது, அருகில் நின்ற சீடர் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொண்டுவந்து சலசலக்கச் செய்கிறார். நீரின் ஒலி கேட்ட தேரை தானே தாவி வெளியேறுகிறது. அன்றுமுதல் அச்சீடருக்குத் தேரையர் என்று பெயர் வந்ததாம். போஜ மன்னனைப் பற்றியும் இதையொத்த கதை வழங்குகிறது.

இதை வரலாற்றுச் சான்றாக நான் கொள்ளவில்லை. கதை ஒரு கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். நீடித்த தலைவலிக்குப் பின்னால், மண்டைக்குள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பொருள் இருக்கக்கூடும் என்ற ஐயம் நம் முன்னோருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைய மருத்துவம் மூளைக் கட்டியையும் சீழ்க்கட்டியையும் ‘இடத்தை அடைத்துக்கொள்ளும் புண்’ என்றே ஒரு பொதுப்பெயரால் சுட்டுகிறது. தேரைக்கும் அப்பெயர் பொருந்தும். கதையில் இல்லாதது ஒன்றே: திறப்பதற்கு முன்பே தேரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகத்தியரால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்வதற்கு உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2. மூடிய பெட்டி

1783 இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் மன்றோ என்ற உடற்கூற்றியல் பேராசிரியர் எளிய உண்மை ஒன்றை எடுத்துரைத்தார். வளர்ந்த மனிதனின் மண்டையோடு விரியாத பெட்டி. அதற்குள் இருப்பவற்றில் ஒன்று பெருகினால் மற்றொன்று குறைய வேண்டும். அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824 இல் இதை மேலும் வலியுறுத்தினார். இன்று மூளை, குருதி, மூளைத் தண்டுவடத் திரவம் ஆகிய மூன்றும் அப்பெட்டியைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று இக்கொள்கையை விளக்குகிறோம்.

கட்டி ஒன்று மெல்ல வளரும்போது திரவமும் குருதியும் தொடக்கத்தில் ஒதுங்கி இடம் கொடுக்கின்றன. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் குறியே தெரியாமல் கட்டி வளர இயலுகிறது. ஒதுங்க இடம் தீர்ந்தபின் அழுத்தம் விரைந்து ஏறுகிறது. தலைவலியும் வாந்தியும் அப்போது தோன்றுகின்றன. இத்தகைய தலைவலி விடியற்காலையில் மிகுவதற்கும் காரணம் உண்டு. படுத்திருக்கையில் தலையிலிருந்து குருதி வடிவது குறைகிறது. உறக்கத்தில் மூச்சு தணிவதால் குருதியில் கரியமிலவாயு சற்று உயர்ந்து மூளையின் நாளங்கள் விரிகின்றன. இரண்டும் சேர்ந்து பெட்டிக்குள் நெருக்கடியைக் கூட்டுகின்றன. எழுந்து நடமாடியபின் வலி தணிவதும், குனிந்தாலும் இருமினாலும் முக்கினாலும் மீண்டும் ஏறுவதும் இதன் தொடர்ச்சியே.

1851 இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அறிவித்தார். உயிருள்ள மனிதனின் நரம்பு ஒன்றை வெட்டாமலேயே பார்க்க முடிந்தது அப்போதுதான். மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் பார்வை நரம்பு, மூளை உறைகளால் போர்த்தப்பட்டது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அந்நரம்பின் முனை வீங்குகிறது. 1860 அளவில் பெர்லின் கண் மருத்துவர் வான் கிராஃபே இவ்வீக்கத்தையும் மூளைக் கட்டியையும் தொடர்புபடுத்தி எழுதினார். அதாவது, மூளைக் கட்டியின் முதல் புறச்சான்றைக் கண் மருத்துவரே கண்டார். சிற்றூர்களில் இன்றும் தலைவலிக்காரர் முதலில் போய் நிற்கும் இடம் கண்ணாடிக் கடைதான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

3. எங்கே தொடங்கியது?

அழுத்தத்தின் குறிகள் ‘உள்ளே ஏதோ இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். ‘எங்கே இருக்கிறது’ என்பதைச் சொல்ல வேறு குறிகள் தேவைப்பட்டன. இதில் முதன்மையானவர் இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன். 1860களிலிருந்து அவர் வலிப்பு நோயாளிகளிடம் ஒரு கேள்வியை விடாது கேட்டு வந்தார்: வலிப்பு உடலின் எந்த இடத்தில் தொடங்கியது? சிலருக்கு அது கட்டைவிரலில் தொடங்கி மணிக்கட்டு, முழங்கை, தோள், முகம் என்று ஒழுங்கு தவறாமல் படர்ந்தது. உடலில் இவ்வாறு ஊர்வலம் போவது, மூளையின் மேற்பரப்பில் உடலுறுப்புகள் வரிசையாக அமைந்திருப்பதன் நிழல் என்று அவர் ஊகித்தார். 1870 இல் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாய்களின் மூளையில் மின்தூண்டல் செய்து காட்டியதும், பின்னர் டேவிட் ஃபெரியர் குரங்குகளில் செய்த ஆய்வுகளும் அந்த ஊகத்தை உறுதிப்படுத்தின.

அதே காலத்தில் பேச்சின் இடமும் தெரிய வந்தது. 1861 இல் பாரிசில் பால் புரோக்கா, பேசும் ஆற்றலை இழந்த ஒருவரின் மூளையை இறப்புக்குப்பின் ஆராய்ந்து இடது முன்மடலின் ஒரு பகுதியைச் சுட்டினார். 1874 இல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருள் சிதைந்து போனவர்களைப் பற்றி எழுதி, இடது பொட்டு மடலின் பின்பகுதியைச் சுட்டினார். மொழியியல் மாணவர்கள் இவ்விரு பெயர்களையும் மொழிக் கோட்பாட்டின் தொடக்கமாகப் படிக்கிறோம். மருத்துவருக்கு அவை வழிகாட்டிப் பலகைகள்: சொல் தடுமாறினால் இடப்பக்கம் பார்.

1879 இல் கிளாஸ்கோவில் வில்லியம் மாக்இவன் ஒரு சிறுமியின் மூளை உறையிலிருந்த கட்டியை அகற்றி வெற்றி கண்டார். அங்கே மண்டையோட்டின் புறத்திலேயே புடைப்பு தெரிந்தது. புறத்தில் எவ்வித அடையாளமும் இன்றி, குறிகளை மட்டுமே நம்பி மூளையைத் திறந்த நாள் 1884 நவம்பர் 25. இலண்டனில் ஓர் இளம் ஸ்காட்லாந்து விவசாயிக்கு முதலில் முகத்தின் இடப்பக்கமும் நாவும் துடித்தன. பின்னர் இடக்கையில் இழுப்பு வந்தது. அதன்பின் அக்கை மெல்ல மெல்லச் செயலிழந்தது. தலைவலியும் வாந்தியும் வாட்டின. கண்ணின் நரம்பு வீங்கியிருந்தது. இக்குறிகளை வரிசையாக வாசித்த ஹியூஸ் பென்னட், கட்டி வலப்பக்க இயக்கப் பகுதியில் இருக்கிறது என்றார். ரிக்மன் காட்லி அவ்விடத்தைத் திறந்தார். கட்டி அங்கேயே இருந்தது. நோயாளி நான்கு வாரங்களுக்குப்பின் நோய்த்தொற்றால் இறந்துபோனார். வாசிப்பு வென்றது, அறுவை இன்னும் முதிரவில்லை.

இந்த வரிசையை நண்பர்கள் மீண்டும் ஒருமுறை கவனிக்க வேண்டும். தனித்த எந்தக் குறியும் பென்னட்டுக்கு விடை தரவில்லை. முதலில் எது, பின்னர் எது, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்ற தொடரமைப்பே விடை தந்தது. சொற்களை அறிந்தால் மட்டும் வாக்கியம் புரிந்துவிடாது என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

4. வேலூரும் சென்னையும்

தென்னிந்தியாவில் இவ்வாசிப்புக்கு நிலையான இடம் அமைந்தது விடுதலைக்குப் பின்னரே. மாண்ட்ரீலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பா. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். சீர்காழியில் 1922 இல் பிறந்த இவரே பின்னாளில் ‘நரம்பியல் அறுவையின் தந்தை’ என்று தமிழகத்தில் போற்றப்பட்டவர். 1951 இல் இவ்விருவரும், சென்னையின் எஸ். டி. நரசிம்மனும், பல்தேவ் சிங்கும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். நால்வர் கூடி ஒரு நாட்டின் துறைக்குக் கழகம் கண்டனர் என்பதே அன்றைய நிலையை உணர்த்தும்.

பெங்களூரில் 1954 இல் அனைத்திந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1974 இல் அது பழைய மனநல மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. அதன் முதல் இயக்குநர் ஆர். எம். வர்மா ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர். மனம் கலங்கியவருக்கும் மூளையில் கட்டி வந்தவருக்கும் ஒரே வளாகத்தில் இடம் அமைந்தது பொருத்தமானதே. முன்மடலில் வளரும் கட்டி பலருக்கும் குணமாற்றமாகவே வெளிப்படுகிறது. பொறுமைசாலி எரிந்து விழுகிறார். உழைப்பாளி எதிலும் பற்றற்று உட்கார்ந்துவிடுகிறார். நாணமுள்ளவர் நாணம் இழக்கிறார். குடும்பம் அதைக் கொழுப்பு, சோம்பல், செய்வினை என்று பெயரிட்டுவிடுகிறது.

அன்றைய மருத்துவர்களிடம் ஸ்கேன் இல்லை. 1918 இல் வால்டர் டேண்டி அறிமுகப்படுத்திய முறைப்படி மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பர். நோயாளிக்கு அது பெருந்துன்பம். 1927 இல் எகாஸ் மோனிஸ் உருவாக்கிய குருதிநாளப் படம் இன்னொரு வழி. இவற்றுக்கு அனுப்புவதற்கு முன் நோயாளியிடம் பேசுவதும், கையைத் தூக்கச் சொல்வதும், கண்ணின் உள்ளே பார்ப்பதும், நடக்கச் சொல்வதும்தான் முதன்மைக் கருவிகள்.

இவர்கள் திறந்து பார்த்தவற்றுள் கணிசமானவை புற்றே அல்ல என்பது நம் நாட்டு வரலாற்றின் தனித்தன்மை. அவை காசநோய்க் கட்டிகள். நுரையீரலில் இருந்து புறப்பட்ட காசக்கிருமி மூளையில் தங்கி முடிச்சாகத் திரளும். குறிகள் கட்டியின் குறிகளையே ஒத்திருக்கும். இது எங்கள் ஊருக்கு நெருக்கமான செய்தி. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரிடையே பாறைத்தூசியால் வரும் சிலிகோசிஸ் பரவலாக இருந்தது. 1947 இல் காப்லனும் பர்டனும் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. சிலிகோசிஸ் வந்த நுரையீரல் காசத்துக்கு எளிதில் இரையாகும். எங்கள் ஊரின் இருமலைக் கேட்டவர் நெஞ்சை மட்டும் எண்ணினால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

1971 அக்டோபர் 1 அன்று இலண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள மருத்துவமனையில், பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. முன்மடலில் கட்டி இருக்கலாம் என்று ஐயுறப்பட்ட பெண் அவர். கட்டி படத்தில் தெரிந்தது. 1979 இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்கேன் வந்தபின்னும் வாசிப்பின் தேவை தீரவில்லை. இந்தியாவில் வலிப்போடு வருவோரின் படங்களில் சிறிய ஒற்றைப் புள்ளி ஒன்று அடிக்கடி தென்பட்டது. அதைக் காசக்கட்டி என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்து வந்தனர். 1989 இல் வேலூரைச் சேர்ந்த சாண்டி, ராஜசேகர் உள்ளிட்ட குழுவினர், அத்தகைய புள்ளிகள் நாடாப்புழுவின் இளம்பருவத்தால் உண்டாகக்கூடியவை என்று காட்டினர். அவற்றுள் பல தாமாகவே மறைந்துவிடுபவை. (இங்குக் குறிப்பிடப்படும் சாண்டி எம். ஜே. சாண்டி, துறையை நிறுவியவர் அல்லர்.) படத்தில் புள்ளி தெரிவது வேறு, அது இன்னதென்று அறிவது வேறு. ‘தலையில் கட்டி’ என்று கேட்டவுடன் எல்லாம் முடிந்தது என்று அழுவோருக்கு இந்த வரலாறு ஓர் ஆறுதல்.

5. மயக்கம் என்னும் சொல்

என் துறைக்கு வருகிறேன். மருத்துவரின் வாசிப்பு நோயாளியின் சொல்லில் தொடங்குகிறது. அச்சொல் மங்கலானால் வாசிப்பும் மங்கும். தமிழில் ‘மயக்கம்’ என்ற ஒரு சொல்லே தலைசுற்றலுக்கும், கண் இருண்டு விழுவதற்கும், நினைவு தப்புவதற்கும், மனக்குழப்பத்துக்கும் வழங்குகிறது. தொல்காப்பியர் வேற்றுமைகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதை ஆராய்ந்த இயலுக்கு வேற்றுமை மயங்கியல் என்றே பெயர். சொல்லே கலப்பைக் குறிப்பது. “மயக்கமாக வருகிறது” என்று ஒருவர் சொன்னால், அறை சுற்றுகிறதா, நடை தள்ளாடுகிறதா, உலகம் இருள்கிறதா, சில நொடிகள் நினைவில் இல்லையா என்று பிரித்துக் கேட்க வேண்டும். நடை மட்டும் தள்ளாடினால் சிறுமூளையை எண்ணுவர். ஒரு காதில் கேள்வி குறைந்து இரைச்சலும் இருந்தால் செவி நரம்பை எண்ணுவர். நொடிக்கணக்கில் நினைவு தப்பினால் வலிப்பை எண்ணுவர்.

‘வலிப்பு’ என்ற சொல்லும் அப்படியே. கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளி விழுவதை மட்டுமே நாம் வலிப்பு என்கிறோம். விரல் நுனியில் ஒரு நிமிடத் துடிப்பு, இல்லாத நாற்றம் ஒன்று மூக்கில் எழுதல், பேச்சு திடீரென்று நின்று பின் தொடர்தல் ஆகியவையும் வலிப்பாகலாம். அவற்றுக்குத் தமிழில் வழக்குச்சொல் இல்லை. பெயர் இல்லாததை எவரும் மருத்துவரிடம் கொண்டுபோவதில்லை. ‘வாயு’ என்று ஒதுக்கிவிடுவர்.

தங்கவயலில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம், பிள்ளைகளின் பள்ளியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் புழங்கும் ஊர் இது. மூளையில் பாதிப்பு நேரும்போது எந்த மொழி எஞ்சும்? முதலில் கற்ற மொழியே உறுதியாக நிற்கும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ, 1881 இல். நோய்க்கு முன்பு மிகுதியாகப் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்றார் பித்ரஸ், 1895 இல். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. இரண்டுக்கும் விலக்குகள் உண்டு. மருத்துவப் பயன் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் தடுமாறும் ஒருவரை அவருக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் வினவினால், அவர் தடுமாற்றம் மொழி தெரியாமையாகவே தோன்றும். மாநில எல்லை தாண்டி மருத்துவமனைக்குப் போகும் எங்கள் ஊராருக்கு இது நாள்தோறும் நேரும் இடர். உடன் செல்பவர், “இவர் முன்பு நன்றாகப் பேசுவார், இப்போதுதான் இப்படி” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியமே ஒரு நோய்க்குறி.

பென்ஃபீல்டு நோயாளியை விழித்திருக்கச் செய்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி, பேச்சுப் பகுதியைத் தவிர்த்து அறுவை செய்தார். 1959 இல் ராபர்ட்ஸுடன் சேர்ந்து பேச்சும் மூளையும் பற்றிய நூலை வெளியிட்டார். 1978 இல் ஓஜ்மனும் விட்டேக்கரும், இருமொழியாளர் மூளையில் இரு மொழிகளுக்கும் பொதுவான இடங்களோடு தனித்தனியான இடங்களும் உண்டு என்று காட்டினர். ஆகவே அறுவை மேசையில் நோயாளியின் எல்லா மொழிகளிலும் பெயர் கேட்பது நல்லது. ஒரு பூக்காரரின் தெலுங்கு எண்களும் காக்கப்பட வேண்டியவையே.

6. அத்தையின் பதினான்கு மாதங்கள்

சொல் நழுவத் தொடங்கியபின் அத்தைக்குக் காலைத் தலைவலி வந்தது. கண்ணாடி இருமுறை மாற்றப்பட்டது. ஒருநாள் வலக்கையின் விரல்களும் வாயின் வலக்கோடியும் ஒரு நிமிடம் துடித்தன. சுக்குக் கஷாயம் கொடுத்தோம். சரம் தொடுக்கும்போது வலக்கை விரல்கள் நூலை நழுவவிட்டன. வயது என்றோம். உள்ளூரில் அழுத்த மாத்திரை கொடுத்தனர்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூரின் உழைப்பாளர் பலரும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். நோயாளிக்கும் அதே ரயில்தான். ஒருநாள் கூலியை இழந்து உடன்செல்ல ஆள் வேண்டும். ‘வெறும் மறதிக்கு’ யார் கூலியை இழப்பார்? பதினான்கு மாதங்கள் இப்படிக் கழிந்தன. எவர்மீதும் பழி சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒவ்வொரு குறியையும் தனித்தனியே பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய விளக்கம் எங்களிடம் இருந்தது.

கடைசியில் பெங்களூரில் ஓர் இளம் மருத்துவர் அத்தையிடம் பேனாவைக் காட்டி இது என்ன என்று தமிழில் கேட்டார். “எழுதுகிறது” என்றார் அத்தை. பின்பு என் பக்கம் திரும்பி, “அந்தத் துடிப்பு எங்கே தொடங்கியது? விரலிலா, வாயிலா?” என்றார். ஜாக்சன் கேட்ட அதே கேள்வி. வலப்பக்கத் துடிப்பு, வலக்கைத் தளர்ச்சி, பெயர்ச்சொல் இழப்பு: மூன்றும் இடது மூளையைச் சுட்டுகின்றன. ஸ்கேன் எடுக்கும் முன்பே அவர் தாளில் ஒரு வட்டம் வரைந்து இடப்பக்கத்தில் புள்ளி வைத்தார். புள்ளி வைத்த இடத்தில்தான் இருந்தது. மெனிஞ்சியோமா, 1922 இல் ஹார்வி குஷிங் பெயரிட்ட, மூளை உறையில் பெரும்பாலும் மெதுவாக வளரும் கட்டி வகை. நீக்கினர். அத்தை இருக்கிறார்.

வீடு திரும்பியபின் தமிழ் விரைவில் மீண்டது. தெலுங்கு எண்கள் அதையடுத்து வந்தன. மொத்தப் பூக்காரர்களிடம் பேரம் பேசிய எண்கள் அவை. ‘குடை’ வந்தது. ‘சாவி’ வந்தது. ‘முழம்’ மட்டும் நெடுநாள் வரவில்லை. இப்போதும் சில நாள் கையைத்தான் நீட்டிக் காட்டுகிறார். சற்று முன்னதாகக் கொண்டு சென்றிருந்தால் அந்தச் சொல் தங்கியிருக்குமோ என்று நான் எண்ணாத நாளில்லை.

7. நாம் வாசிக்க வேண்டியவை

தலைவலி வந்தோரில் மிகப் பெரும்பாலோருக்கு மூளைக் கட்டி இல்லை. ஆகவே அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும். பின்வருவன காணப்பட்டால் காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுகுங்கள்.

இதுவரை இல்லாத வகையில் புதிதாகத் தொடங்கி, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் தலைவலி. குறிப்பாக விடியலில் மிகுந்து, வாந்தியோடு வருவது, குனிந்தாலோ இருமினாலோ ஏறுவது.

வளர்ந்தவருக்கு வாழ்வில் முதன்முறையாக வரும் வலிப்பு, அது ஒரு விரலின் துடிப்பாக இருந்தாலும்.

ஒரு பக்கத்துக் கை, கால், முகம் மெல்ல மெல்லத் தளர்தல் அல்லது மரத்துப்போதல். திடீரென்று சில நிமிடங்களில் நேர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது நாளை என்று சொல்லாமல் அந்த மணியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பழகிய பொருள்களின் பெயர் நழுவுதல், பேச்சு குழறுதல், பிறர் பேச்சு புரியாமை, படிப்பதிலும் எழுதுவதிலும் புதிய தடுமாற்றம்.

பக்கவாட்டில் வருவோரைக் காணாமல் மோதிக்கொள்ளுதல், பொருள் இரண்டாகத் தெரிதல், கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை. கண் மருத்துவரிடம் சென்றால் கண்ணின் உட்புற நரம்பையும் பார்க்குமாறு கேளுங்கள்.

ஒரு காதில் மட்டும் கேள்வி குறைதல். காரணமின்றி நடை தள்ளாடுதல். குணத்தில் வீட்டார் வியக்கும் அளவு மாற்றம்.

குழந்தைகளிடம் காலை வாந்தி தொடர்தல், நடையில் தடுமாற்றம், தலையைச் சாய்த்தே வைத்திருத்தல், கைக்குழந்தைக்குத் தலை அளவுமீறிப் பெருத்தல்.

மருத்துவரிடம் செல்லும்போது ஒரு தாளில் வரிசையாக எழுதிச் செல்லுங்கள்: எது முதலில், எது பின்னர், எந்தப் பக்கம், எத்தனை வாரம். அந்தத் தாள் பல நேரங்களில் மாத்திரைச் சீட்டுகளைவிடப் பயன்தரும்.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று அவையில் அரசனின் உள்ளத்தை முகத்தால் அறிவது பற்றியது. மற்றொன்று காதலியின் உள்ளத்தைக் கண்ணால் அறிவது பற்றியது. உள்ளே இருப்பதை வெளியே காணும் குறியால் அறிவதற்கு நம் மொழி அவ்வளவு மதிப்பு கொடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இன்று ஒரு பொருளின் பெயரைத் தேடித் தடுமாறினால், உடனே அச்சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். சற்று நின்று, எவ்வளவு நாளாக இப்படி என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.